மூன்றாம் இரவு

சுவரைத் திறந்ததும் ரெனெல்லா விசில் அடித்தாள்.
உள்ளே வரிசையாகப் பீங்கான் குமிழ்கள்,
குமிழுக்குக் குமிழ் கறுத்த துணி சுற்றிய கம்பி.
எலி கொறித்த இடத்தில்
செம்பு பல்லைக் காட்டியது.

"எப்போது கட்டின வீடு, மிஸ்டர் ஒவீட்?"

தெரியாது.
என் மாமனார் வாங்கும்போதே பழசு.
லூசியானாவின் இந்தச் சேற்று ஓடைக் கரையில்
வீட்டுக்கு வயது கேட்பதில்லை யாரும்.
எத்தனை புயல் பார்த்தது என்றுதான் கேட்பார்கள்.
ஏழு.
பெயர் வைத்தவை மட்டும்.

பெட்டியில் ஒரு ஃபியூஸைக் கழற்றினாள்.
பின்னால் ஒரு செம்புக் காசு.
இடுக்கியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.
சூடாக இருந்ததா, எனக்குத்தான் சுட்டதா.
மாமனார் வேலை.
இறால் உறைபெட்டி உருகக் கூடாதென்று
ஏதோ ஒரு கோடையில் செருகியிருப்பார்.
இறால் உருகவில்லை.
உருக வேண்டிய ஃபியூஸும் உருகவில்லை.
அதற்குப் பின் முப்பது வருடம்
அந்தக் காசை நம்பித் தூங்கினோம்,
இரண்டு பிள்ளை பெற்றோம்,
ஏசி போட்டோம்.

அப்புறம் பின்கூடத்து ஆணியில் அதைப் பார்த்தாள்:
ஆரஞ்சு வயர்,
இரண்டு நுனியிலும் முள் நீட்டிய ப்ளக்.
நானே செய்தது.
ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவரில்,
வீடு முழுக்க வெளிச்சம்.
போன புயலில் தெருவே இருண்டு கிடக்க
எங்கள் ஃபேன் மட்டும் சுற்றியது என்று
பெருமையாகச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை.
"மெயினை அணைத்தீர்களா?"
அணைத்ததாகத்தான் நினைவு.
"எந்த இரவு?"
நான்காம் இரவு, என்றேன்.

மூன்றாம் இரவு.
ஏன் மாற்றிச் சொன்னேன் என்று தெரியாது.
அவள் கேட்ட விதம் அப்படி.

வீட்டுக்குள் விட்ட மின்சாரம் வீட்டோடு நிற்காது என்றாள்,
மளிகைச் சீட்டு வாசிக்கிற குரலில்.
கம்பம் ஏறும்.
டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருநூற்று நாற்பதாகப் போய்
ஆயிரக்கணக்கில் வெளியே வரும்.
அங்கே ஒருவர், செத்த கம்பி என்று நம்பிக்
கை வைத்திருப்பார்.

"போன புயல்வரை நான் கம்பத்தில்தான் வேலை பார்த்தேன்."

அவள் வலக்கையில் இரண்டு விரல் மடங்கவில்லை.
இடக்கையால் இடுக்கி பிடித்து
ஆரஞ்சு வயரை நடுவில் நறுக்கினாள்.
எந்தத் தெரு என்று
நான் கேட்கவில்லை.

நான்கு நாள் வேலை.
எட்டடி எர்த் கம்பி
எங்கள் சேற்றில் மூன்று அடியில் இறங்கிவிட்டது.
சுவரில் பழுப்புக் கோடாய் நிற்கும் வெள்ளத் தழும்புக்கு
ஒரு முழம் மேலே சாக்கெட்டுகளை ஏற்றினாள்.
சமையலறையில், ஈரம் பட்டால்
தானே செத்துவிடும் ப்ளக்.
பணத்துக்குப் படகின் உபரி மோட்டாரை விற்றேன்.
லூர்தீன் ஒரு வாரம் பேசவில்லை.

கடைசியாக, புதுப் பெட்டியின் முகத்தில்
விரல் நீளத் தகரத் துண்டு ஒன்று.
கீழே தள்ளினால் தெருவின் கரன்ட்.
மேலே தள்ளினால் ஜெனரேட்டர்.
ஒன்று திறந்தால் மற்றது பூட்டிக்கொள்ளும்.
"இவ்வளவுதானா?" என்றேன்.
"இவ்வளவுதான்," என்றாள்.

செப்டம்பரில் எட்டாவது வந்தது.
முதல் இரவு கூரை அலறியது.
இரண்டாம் இரவு ஓடை முற்றம் ஏறி,
படிக்கட்டில் நின்று, திரும்பிப் போனது.
மூன்றாம் இரவு ஜெனரேட்டரை வெளியே வைத்து,
தகரத்தை மேலே தள்ளினேன்.
ஃபேன் சுற்றியது.

தெருக்கோடியில் மஞ்சள் விளக்கு.
தூக்கு வண்டியின் கூடையில்
மழைக்கோட்டுப் போட்ட ஓர் உருவம்,
முகம் தெரியாத உயரத்தில்.

உள்ளே போய்த் தகரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
வெளியே வந்தேன்.
மறுபடி போய்த் தொட்டேன்.
நகராது என்று தெரியும்.

பிறகு ரெனெல்லாவின் எண்ணை அழுத்தினேன்.
சொல்ல ஒரே ஒரு சொல்தான் இருந்தது: மூன்றாம்.

புயல் வாரம்.
ஊரே அவளைக் கூப்பிட்டிருக்கும்.
செய்திப் பெட்டி நிறைந்துவிட்டது என்றது
ஒரு பதிவுக் குரல், மிக மரியாதையாக.